டிப்டி கமாண்டன்ட் சாகிப்பின் ரைபிளில் ஒட்டிய ரப்பர் துண்டு குறித்து

பெயர் அம்சவேணி. கணவர் ரத்தினவேல், ஹவில்தார். வயது இருபத்து நான்கு. படிப்பு பி.எஸ்ஸி., வேதியியல். சொந்த ஊர் சேலம் ஜில்லா ஆத்தூர். இப்போது இருப்பது புது டில்லி, ஆர்.கே.புரம், படைக் குவார்ட்டர்ஸ் மாடி வீடு. எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று.

விசாரணை அதிகாரி அவர்களுக்கு. ஹிந்தியில் டைப் அடித்து என் முன்னால் வைத்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் உன் பாஷையில் நீயே எழுதிக் கொண்டு வா என்று தாங்கள் சொன்னபடி இதை எழுதுகிறேன். எனக்கு ஹிந்தி படிக்க வரும். ஆனால் என் கணவர் வேலை போகிற விஷயத்தைப் பரீட்சை ஹிந்தியில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இதை மொழிபெயர்க்கும் வேலையை ஹெட் கிளார்க் வேதாந்தம் சாரிடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் கீழே வருகிறது.

ரப்பர் துண்டை ஒட்டியது நான்தான். அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. யார் சொல்லி ஒட்டினேன், ரைபிள் எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள்.

என் கணவர் படையின் ரைபிள் சுடும் குழுவில் இருக்கிறார். அவர் சுடுவது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். ஒவ்வொரு தடவை சுட்டதும் காலியான பித்தளைக் குப்பி வலது பக்கத் திறப்பு வழியாகத் தெறித்து வெளியே விழும். கோக்கா என்பார்கள். விழுகிறபோது திறப்புக்குப் பின்னால் உள்ள இரும்பில் ஒரு அடி அடித்துவிட்டுத்தான் போகும். அடித்து அடித்து அந்த இடத்தில் கறுப்புப் போய் வெள்ளையாகத் தேய்ந்து, பள்ளம் விழுந்து, துரு ஏறும். இன்ஸ்பெக்ஷனில் அதற்குத் திட்டு வாங்குவது சுடுகிற ஆள். போன வருஷம் என் கணவர் திட்டு வாங்கி வந்து சாப்பிடாமல் படுத்தார். அதன் பிறகு அவர் அந்த இடத்தின் அளவைக் காகிதத்தில் வெட்டிக் கொண்டுவந்தார். குழந்தைக்கு அடியில் போடும் சிவப்பு ரப்பர் ஷீட்டின் ஓரத்தில் நான் அந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அவர் அதை ஆயுத அறையிலேயே, அங்கே பொறுப்பில் இருந்தவர் பார்க்க, சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினார். அவர் ரைபிள் ஒரு நாளும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. அப்படிச் செய்கிற ஆள் அவர் இல்லை.

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும், ஊறினால் ஒட்டு விடும் என்று அப்போதே அவரிடம் சொன்னேன். அவர் ரைபிளுக்கு எண்ணெய் போடும்போது அந்த இடத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைப்பார். அந்தத் துண்டு இன்று வரை அப்படியே இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு இந்த வருஷ இன்ஸ்பெக்ஷனில் மேலதிகாரி ஒருவர் என் கணவர் ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்து ஷாபாஷ் என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற டிப்டி கமாண்டன்ட் மல்ஹோத்ரா சாகிப்பின் ரைபிள் தேய்ந்து இளித்துக்கொண்டிருந்ததாம். அகில இந்தியப் போட்டிக்குப் போகும் குழுவில் ஒரு இடம் பாக்கி இருந்தது. அதற்கு மல்ஹோத்ரா சாகிப்பும் என் கணவரும்தான் போட்டி. இதையும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு பங்குனி உத்திரத்தன்று, என் கணவர் வெளியூர் டூட்டியில் இருந்தபோது, சாகிப்பின் ஆர்டர்லி கலியன் என் வீட்டுக்கு வந்தார். தென்னாற்காட்டுக்காரர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுபவர். மலை மந்திர் முருகன் கோயிலில் காவடி பார்த்துவிட்டு வந்ததால் நெற்றி நிறைய விபூதி. சைக்கிள் பாரில் ஜமக்காளம் சுற்றிய ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்தார். பிரித்தால் ரைபிள். நான் கதவைச் சாத்தினேன். இதை ஏன் வெளியே கொண்டுவந்தீர்கள், எடுத்துப் போங்கள் என்றேன்.

"சாகிப் சொல்லிட்டாரு தங்கச்சி, நான் என்னத்தப் பண்றது? உன் கையால ஒட்டணுமாம். ஜல்தி வேணுமாம். உன் வீட்டுக்காரரு ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் சாகிப் பொறுக்க மாட்டாராம்."

ரைபிளைக் கட்டிலில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார். பாப்பா முழிச்சா சல்யூட் அடிக்கச் சொல்லு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையைத் தூக்கி அடுத்த அறையில் கிடத்தினேன். சாகிப்பிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் அன்று எனக்கு இல்லை. அதே ஷீட்டில் இன்னொரு துண்டு வெட்டி, இரும்பைத் துடைத்து, ஒட்டினேன். நாளை வரை கை வைக்காதீர்கள், அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது, சாகிப்பிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். சரி என்றார். நான் கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு ரைபிளை எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் ஊர் திரும்பியதும் நான் இதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. வாயைத் திறக்காதே என்றார். திறக்காமல் இருந்தேன்.

அதன் பிறகு குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. அன்று நடந்ததை என் கணவரும் அங்கே இருந்த மற்றவர்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று சாகிப்பின் ரைபிளை முழுவதும் எண்ணெயில் குளிப்பாட்டிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஊறிப்போன ரப்பர் பிய்ந்து திறப்புக்குள் மடங்கி, கோக்கா வெளியே விழாமல் சிக்கி, ரைபிள் நின்றது. சிக்கிய கோக்காவை எடுத்துவிட்டுச் சுட்டால் மறுபடியும் நின்றது. சாகிப் தோற்றார். இடம் என் கணவருக்குக் கிடைத்தது. அப்போது சாகிப் அந்தத் துண்டைப் பிய்த்து என் கணவர் மேல் எறிந்து எல்லோர் முன்னாலும் ஹிந்தியில் சொன்னது:

"ஏ மதராஸி, உன் பெண்டாட்டி பிள்ளையோட மூத்திர ஷீட்டை என் ரைபிள்ல ஒட்டி வெச்சிருக்கா."

நின்றவர்கள் சிரித்தார்களாம்.

இந்த இடத்தில் தாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கணவர் போட்டியில் ஜெயிப்பதற்காக ஆயுத அறையில் யாருக்கும் தெரியாமல் இதை ஒட்டினார் என்பது சாகிப்பின் புகார். யாருக்கும் தெரியாமல் ஒட்டியது என்றால், அது குழந்தையின் ஷீட் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒட்டியது பெண்டாட்டி என்று யார் சொன்னார்கள்? கையில் இருந்தது எண்ணெய் ஊறின ஒரு விரல் அகல ரப்பர். அதைப் பார்த்தா கண்டுபிடித்தார்?

அன்று சாயங்காலமே என் கணவரை சஸ்பெண்ட் செய்து பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யத் தயாராக இரு என்று ஆள் வந்து சொன்னார்கள்.

அதன் பிறகு ஹெட் கிளார்க் வேதாந்தம் சார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஹிந்திக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். விவரம் தெரியாமல் விளையாட்டாக ஒட்டிவிட்டேன், மன்னிக்கவும் என்றுதான் இருக்கிறது என்றார். மேஜையில் இங்க் பேடைத் திறந்து வைத்திருந்தார். கட்டைவிரல் வைத்தால் போதுமாம்.

"வெச்சுட்டுப் போம்மா. சாகிப் ஒரு வார்னிங்கோட முடிச்சுடறேன்னார். நீ பொம்மனாட்டி, உன்ன யார் என்ன பண்ணப் போறா?"

நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன். ஹிந்திப் பிரசார சபா பரீட்சையில் ராஷ்டிரபாஷா வரை பாஸ் செய்தவள் என்று அவருக்குத் தெரியாது. அவர் படிக்காமல் விட்ட வரி நடுவில் இருந்தது. என் கணவர் ரத்தினவேல் அனுமதி இல்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்த ரைபிளில், படிப்பறிவு இல்லாத நான், என்று இருந்தது. புகாரில் ஆயுத அறை என்று இருந்தது இதில் வீடாக மாறியிருந்தது. தேதி உத்திரத்துக்கு முந்தின வாரம். அப்போதுதான் என் கணவர் ஊரில் இருந்தார். ஆயுதத்தை வெளியே கொண்டுபோனால் வேலை போகும் என்பது எனக்கே தெரியும்போது ஹெட் கிளார்க்குக்குத் தெரியாதா? இந்த வரியை ஏன் சார் விட்டீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் ஆபீஸ் பாஷை, உனக்குப் புரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர், "போட்டுடு வேணி. சாகிப் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்காரு" என்றார். நான், "அது அந்தப் பேப்பர்ல எங்கங்க இருக்கு?" என்றேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

கலியனைப் பால் பூத்தில் பார்த்தேன். என் வீட்டுக்கு வந்ததே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்றேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் பால் வாங்காமலே போனார். அவரை நான் இனி அண்ணா என்று கூப்பிட மாட்டேன். ஆனாலும் உத்திரத்தன்று அவர் சைக்கிளில் ஜமக்காளத்துடன் வந்ததைக் கீழ் வீட்டு சந்திரம்மாள் பார்த்திருக்கிறார். கேட்டால் சொல்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அன்று என் கணவர் எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை. அனுப்பியதே தங்கள் படைதான்.

இத்துடன் அதே ஷீட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளை வைத்திருக்கிறேன். ஒன்றைத் தையல் மிஷின் எண்ணெயில் ஊற வைத்தேன். இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இப்போது குழந்தைக்குப் போட வேறு ஷீட் இல்லை. பழைய புடவையை மடித்துப் போடுகிறேன்.

இதில் எழுதியது எல்லாம் நடந்தது நடந்தபடி, என் சுயபுத்தியோடு, யார் சொல்லியும் இல்லாமல் எழுதியது. என் கணவருக்கு இதை நான் காட்டவில்லை. காட்டினால் கிழித்துவிடுவார். நாளை அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், ரைபிளைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்ததாக அவர் சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொன்னால் அவர் சொல்வது பொய். அவரை எதிரில் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)
ர. அம்சவேணி
ஆர்.கே.புரம், புது டில்லி
ஏப்ரல் 1983