கேழ்வரகு பன்

கோதுமை பன் மெத்தென்று வர வேண்டுமானால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், மேடம். கொதித்த தண்ணீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். பச்சைத் தண்ணீரில் மாவு எழும்பாது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே என் வீட்டுக்காரர்தான். ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் பன்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் அமலராணி. அவர் பெயர் ஜஸ்டின். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே அறந்தாங்கியில். விடுப்பில் வருவார். பெட்டியை முழுதாகக் காலி செய்வதற்குள் திரும்பிப் போகும் தேதி வந்துவிடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஊரில் இப்படி வாழும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழகிவிடுகிறது. எனக்குப் பழகவில்லை. அது என்னுடைய குறைதான்.

கடைசியாக வந்தபோது பிரெட் மெஷின் ஒன்று கொண்டுவந்தார். மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவு, உப்பு, எண்ணெய், தண்ணீர், மேலே ஈஸ்ட். பொத்தானைத் தட்டினால் அதுவே பிசைந்து, அதுவே பொங்கவைத்து, பீப் என்று கூப்பிடும். மாவை எடுத்து அவர் உருட்டுவார். நான் தட்டில் அடுக்கி ஓவனில் வைப்பேன். அடுப்படியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அந்த விடுப்பில்தான் அவருக்கு நோய் இருப்பது தெரிந்தது. வயிற்றுப்போக்கும் சோகையும் வெகுநாளாக இருந்திருக்கின்றன. மெஸ் சாப்பாட்டால் வருவது என்று நினைத்து என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா சோதனை செய்து பார்த்துவிட்டு, அவர் குடலுக்குக் கோதுமையே ஆகாது என்றார். துளிகூடக் கூடாது, அதை நிறுத்தினால் போதும், உடம்பு தானாகத் தேறும் என்றார்.

நிறுத்தினோம். மாவு டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவர் கோயில் பூசையில் கொடுக்கும் அப்பத்தை, அதுதான் நன்மை, வாங்குவதைக்கூட விட்டுவிட்டார். அப்பமும் கோதுமைதானே. சாமியாரிடம் சொல்லி, கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கொண்டார். அவருக்காகக் கேழ்வரகு மாவும் அரிசி மாவும் கலந்து பன் சுட்டுப் பார்த்தேன். கல்லாக வந்தது. குழம்பில் ஊறவைத்து, முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

கன்னம் நிரம்பியது. நகத்தில் சிவப்பு ஏறியது. ஒரு நாள் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒடம்பு தேறிருச்சு அமலி. கம்பெனியில பேசிட்டேன். அடுத்த மாசம் மெடிக்கல் முடிச்சிட்டுக் கெளம்பிர வேண்டியதுதான்."

சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் கேழ்வரகு மாவில் ஒரு கை கோதுமை மாவு சேர்த்தேன். கேழ்வரகின் நிறத்தில் கோதுமை தெரியாது. பன் அழகாக எழும்பி வந்தது. அவர் ஒன்றைப் பிட்டு அமுக்கிப் பார்த்தார்.

"இன்னைக்கி என்ன இப்புடி பஞ்சா வந்திருக்கு? என்ன பண்ணே?"

"முட்ட சேத்தேன்" என்றேன்.

முட்டையும் சேர்த்திருந்தேன். அதனால் அது முழுப் பொய் இல்லை.

மெடிக்கல் நாள் வரைக்கும் தினமும் அப்படியே சுட்டேன். மெடிக்கலில் ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேறிய பிறகு வரச் சொல்லிக் கம்பெனியும் பெரிய மனது பண்ணியது. அந்த ஒரு தடவையோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விடவும் செய்தேன். உடம்பு தேறியதும் மறுபடி டிக்கெட் பேச்சை எடுத்தார். மறுபடி ஒரு கை சேர்த்தேன். ஒருபோதும் அதற்கு மேல் போட்டதில்லை.

அந்த மாதங்களில் அவர் வீட்டில் இருந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அமலி, அமலி என்று கூப்பிடுவார். நடுக்கம் வந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். முதுகுக்குத் தண்ணீர் ஊற்றும்போது விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. சீப்பில் முடி கொத்தாக வந்தது. நான் எடுத்து மறைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் நன்மை வாங்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அன்று சாமியார் புதியவர். அவரிடம் விவரம் சொல்லி வைக்காததால் இவர் கைகட்டி ஆசீர் மட்டும் வாங்கி வந்திருந்தார். என் காதோடு சொன்னார்.

"துளிகூட வேண்டாம்னுட்டாங்கல்ல. ஆண்டவரு தப்பா நெனைக்க மாட்டாரு."

என் நாக்கில் அப்பம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாவு முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். அந்த வாரமே திரும்பவும் வாங்கினேன்.

பிறகு அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். லேசாக விழுந்ததுதான். ஆனாலும் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் தேய்ந்திருக்கிறதே, வீட்டில் எப்படியாவது கோதுமை சேர்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அவ விட மாட்டா டாக்டர். எனக்காக வீட்டுல சப்பாத்தி போடுறதையே நிறுத்திட்டா."

நான் தலையாட்டினேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் தவறு, எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் கட்டுப் போட்டிருந்ததால் அவரால் சாப்பிட முடியவில்லை. நான்தான் பன்னைப் பிட்டு, பாலில் தோய்த்து ஊட்டினேன். அவருக்குக் கூச்சம். கண்ணில் நீர் கட்டியது.

"நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன், அமலி" என்றார்.

எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த வாய் ஊட்டினேன்.

அவர் தங்கை ஷர்லி ஆவூரிலிருந்து வந்து பார்த்தாள். அண்ணனை ஒரு மாதம் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். "நீங்களும் கொஞ்சம் ஒறங்கி எந்திரிங்க அண்ணி. ஆளே பாதியாயிட்டீங்க" என்றாள். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள்.

அங்கே அவர் தேறினார். துணையில்லாமல் கோயிலுக்கு நடந்து போனாராம். போனில் குரலே மாறியிருந்தது. என்னைக் கூப்பிட்டுப் பேசுவதும் குறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸ் நிறைய பன் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆசையாகச் சாப்பிட்டார். நான் ஊர் திரும்பிய மறுநாளே பழையபடி படுத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒரு பன்னோடு ஷர்லி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, இதுல கோதும இருக்கா?"

"இருக்கு."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"தெரிஞ்சுதான்."

டாக்டரம்மா கேட்டபோது பதில் சொன்னவர் அவர். என்னை இப்படி நேராக யாரும் கேட்டதில்லை, மேடம். கேட்டவுடன் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. பன்னைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். அதன் பிறகுதான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் சாகிறார் என்பது தெரியும். கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன். ஆனால் நினைத்தது அதை இல்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

உடம்பு தேறியதும் அவர் மறுபடி ஷார்ஜாவுக்கே போகப் போவதாகச் சொன்னீர்கள். போகட்டும். என் கவலை ஒன்றுதான். அந்த மெஸ் சாப்பாட்டில் எதில் எவ்வளவு கோதுமை கலந்திருக்குமோ, யாருக்குத் தெரியும். என்னைப்போல் அளவு பார்த்துப் போட அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?