ஏழு படி

— தண்ணித் தொட்டி தெரியுதாடா மொஹ்சின்? ஒசரமா, நீலக் கலர்ல. பார்த்தியா?

— பாத்துட்டேன் மாமு. தொட்டி கீது. தொட்டிக்கு அப்பால நீ வெச்ச பெரிய மரம்தான் காணோம்.

— மரம் நெஜத்துல கிடையாதுடா. அந்த இடத்துல குப்பைத் தொட்டிதான். நம்ம தெருவ அப்டியே கம்ப்யூட்டர் கேம்ல கட்றப்ப குப்பைத் தொட்டி கட்ட மனசு வரல, மரம் வெச்சேன்.

— அடப்பாவி! மரத்தத் தேடிகினு போட்டை ரெண்டு தபா திருப்பச் சொல்லிட்டேன். அருள்பிரகாசம் அண்ணன் என்னை மொறைக்கிறாரு. மீன் புடிக்கிற போட்டை காசிமேட்லேர்ந்து லாரியில ஏத்தியாந்து, வெள்ளத்துல எர்ணாவூர் தெருவுக்குள்ள ஓட்டிகினு கீறாரு மனுஷன். "வழி தெரியுமாடா உனக்கு?"ன்னாரு. "இந்தத் தெரு எனக்கு அத்துப்படிண்ணே, ரெண்டு வருஷமா கட்டிகினு கீறேன்"ன்னேன்.

— இந்தப் பக்கம் வந்ததே இல்லன்னு சொல்லலியே?

— சொன்னா எறக்கி வுட்ருவாரு. வண்ணாரப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடை, வூடு, இத்த வுட்டா நா எங்க போறேன்? உன் மூஞ்சியவே நா நேர்ல பாத்ததில்ல. ஆனா உங்க தெருவுல எந்த வூட்டுக்கு எத்தினி ஜன்னல்னு கேளு, டக்குனு சொல்றேன்.

— சிரிக்காதடா. எங்க நைனா போன் காலைல ஆறு மணியிலேர்ந்து ஆஃப். இப்ப மணி பதினொண்ணு. ஓசூர்லேர்ந்து கெளம்பலாம்னா பஸ் கிடையாது, ட்ரெயின் கிடையாது. ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து லேப்டாப்ல நம்ம தெருவத் தொறந்து வெச்சிருக்கேன். அங்க நீ ஒரு அடி வெச்சா இங்க நா ஒரு அடி வெக்கிறேன்.

— சரி மாமு. தொட்டியாண்ட கீறேன். எங்க திரும்பணும்?

— இடது பக்கம். அங்கேர்ந்து எண்ணு. நாலாவது பச்சை கேட்டு. அஞ்சாவது எங்கம்மா இட்லி கடை.

— தெரியுமே. எந்நேரமும் லைட்டு எரிஞ்சிகினே இருக்கும்.

— அது கேம்லடா. அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. நெஜத்துல துரு புடிச்ச ஷட்டர்தான் இருக்கும்.

— இன்னா மாமு நீ... சொல்லவே இல்லியே. எத்தினி தபா அந்தக் கடையாண்ட நின்னு "அம்மா, நாலு இட்லி, கெட்டிச் சட்னி"ன்னு கூவிகீறேன்.

— நீ கூவுனது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அத வுடு. ஷட்டர் தெரியுதா?

— மேல் பாதிதான் தெரியுது. தண்ணி மேல ஆயில் வேற பளபளன்னு மெதக்குது. மூக்கப் பொத்திகினு கீறேன், அப்டி நாத்தம். ஒரே கலீஜ்.

— மேல் பாதிதானா? தண்ணி எவ்ளோடா இருக்கு? கழி வுட்டுப் பாரு.

— அண்ணன் வுட்டுப் பாத்துட்டாரு. அஞ்சடிக்கு மேல போவுதாம்.

— ஏசப்பா! நைனா ஒசரமே அஞ்சடி நாலு அங்குலம். சாரத்துலேர்ந்து வுழுந்ததுலேர்ந்து வலது முட்டி வேற மடங்காது.

— பேஜாராவாத மாமு. பக்கத்து பாய் வூட்டு மஞ்ச செவுரு தோ தெரியுது. மூணு மாடி. அவர் கூப்ட்டு உக்கார வெச்சிருப்பாரு.

— பக்ருதீன் பாய் கூப்ட்டாலும் நைனா போவாரா? அதான்டா எனக்கு பயமே. மழைத்தண்ணி குழாய எவன் பக்கம் வுடறதுன்னு ஆரம்பிச்ச சண்டை. ஒம்போது வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. செத்தாலும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு அம்மா சாவுலயே எல்லார் முன்னாலயும் சொன்ன மனுஷன்.

— எங்க அத்தாவும் அப்டித்தான். ரோசம் வந்தா சோத்தையே தொட மாட்டாரு. ஆனா கேம்ல நாம அந்த வூட்டுக்கு ஓடாத ஓட்டமா? பொழுது சாஞ்சி பேயுங்க தெருவுல எறங்குனா, "ஓட்றா பாய் வூட்டுக்கு"ன்னு கத்துவியே. கண்ண மூடிகினு ஓடுவேன் நா.

— நா வூட்ட வுட்டு வந்ததே அதாலதான்.

— கேமாலன்னுதான சொன்ன?

— ரெண்டும் ஒண்ணுதான்டா. நைனா நாப்பது வருஷம் கொத்தனாரு. ஒரு நாள் என் பின்னால வந்து நின்னாரு. "இன்னாடா, நம்ம வூடாட்டம் கீது"ன்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு ரூமா சுத்திக் காட்னேன். ஜன்னல் அளவுகூட சரியா கீதுன்னாரு. அப்பறம் மொட்டை மாடிக்குப் போனோம்...

— இரு இரு. கேம்ல உன் பழைய பேர்ல தெனம் நாலு மணிக்கு மொட்டை மாடியில நிக்கிறியே, அது எதுக்கு? நா கடையிலேர்ந்து போன்ல எட்டிப் பாப்பேன். நீ கட்டவும் மாட்ட, இடிக்கவும் மாட்ட. அந்த பாய் வூட்டு செவுத்தையே பாத்துகினு நிப்ப. கூப்ட்டா பதில் கிடையாது.

— நாலு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டுடா. அந்தப் பழைய பேரு வூட்டு கம்ப்யூட்டரோட போச்சு. நா தொட்டே ஏழு மாசம் ஆச்சு.

— அப்ப அது யாரு?

— எவனாவது பாஸ்வேர்டு திருடியிருப்பான். இப்ப அதுவாடா முக்கியம்? வூடு வந்துச்சா இல்லியா?

— வந்தாச்சு. அண்ணே, கொஞ்சம் ஒட்டி நிறுத்துண்ணே. மாமு, கதவு தொறந்துதான் கீது. உள்ள கும்மிருட்டு. நைனா! இன்னாசி நைனா! யாராச்சும் கீறீங்களா?

— அவருக்கு காது மந்தம். நல்லா கத்து.

— தொண்ட கிழியக் கத்திட்டேன். காத்து சத்தத்துல எனக்கே கேக்கல. எறங்கி உள்ள போறேன்.

— உனக்கு நீச்சல் தெரியுமா?

— கேம்ல ஷோக்கா அடிப்பேன்.

— மொஹ்சின், வேணாம்டா! வேற யாரையாவது...

— வேற யாரு வருவா? இடுப்புல கயிறு கட்டி அண்ணன் கையில குடுத்துகீறேன். போனும் அண்ணன்கிட்டயே இருக்கட்டும். சீக்கிரம் சொல்லு, கதவுலேர்ந்து கட்டிலு எத்தினி கட்டம்?

— நேரா மூணு, வலது பக்கம் ரெண்டு. ஒரு கட்டம் மூணடின்னு வெச்சிக்கோ. இடது பக்கம் பீரோ கீது, பாத்து. மேல சாஞ்சிடப் போவுது.

— மூணு, ரெண்டு. போய்ட்டு வந்துர்றேன்.

— அண்ணே, அருள்பிரகாசம் அண்ணே, நீங்க லைன்ல கீறீங்களா? கயிறு ஆடுதா? ரொம்ப நேரம் வுடாதீங்கண்ணே, இழுத்துடுங்க... மாதாவே, மாதாவே, நா உனக்கு மெழுவத்தி வெக்கிறேன், ரெண்டு பேரையும் குடுத்துடு... அண்ணே, ஆடுதா?... மொஹ்சின்! டேய் மொஹ்சின்!

— தோ கீறேன், தோ கீறேன். வாயில தண்ணி பூந்துடுச்சு. தூ!

— நைனா?

— கட்டிலு மெதக்குது. நாலு மூலையும் கை வுட்டுத் தொழாவிட்டேன். சமையக்கட்டுலயும் பாத்துட்டேன். ஆளு இல்ல மாமு. ஒரு ஜோடி செருப்புதான் கையில மாட்டுச்சு. ரப்பர் செருப்பு, வாரு நீலம். ஒண்ணுல ஊக்கு குத்தி கீது.

— அது நைனாதுதான். கக்கூஸுக்குப் போனாக்கூட அது இல்லாம போவ மாட்டாரு.

— மாமு...

— மாடி! மாடியில இருப்பாரு. வெளியில வலது பக்கம் படிக்கட்டு. ஏறிப் பாருடா, போ!

— ஏறிகினுதான் கீறேன். பாசி வழுக்குது... வந்துட்டேன். காத்து ஆளையே தூக்குது இங்க.

— இருக்காரா? மாடித் தொட்டிக்குப் பின்னால பாரு. நனையாம அங்க ஒதுங்கியிருப்பாரு.

— பாத்துட்டேன் மாமு. யாரும் இல்ல. ஃப்ரெடி? அழுவாத மாமு. ஃப்ரெடி!

— நா கடைசியா அவர இன்னா கேட்டேன் தெரியுமாடா? "ஊரான் வூட்டுக்கெல்லாம் கட்டுனியே, நம்ம வூட்டுக்கு ஒரு செங்கல்லு வெச்சியா?"ன்னு கேட்டேன். துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு வெளிய போய்ட்டாரு. நானும் பைய எடுத்துகினு கெளம்பிட்டேன். அதுக்கப்பறம் நா அவர் கொரலையே கேக்கல.

— கேப்ப. கம்முனு இரு. இங்க இல்லன்னா படி ஏறி அந்தாண்ட போயிருப்பாரு. நானும் போய்ப் பாக்குறேன்.

— எந்தப் படி?

— அதான் மாமு, செவுத்தோரமா போவுமே. நம்ம ஏழு படி. பாய் வூட்டு மாடிக்கு.

— மொஹ்சின்... அங்க படி கிடையாதுடா.

— இன்னாது?

— அது நா கேம்ல வெச்சது. மரம் வெச்ச மாதிரி. அம்மா கடைக்கு லைட்டு போட்ட மாதிரி. நெஜத்துல அங்க ஒசரமா மொட்டைச் செவுருதான். அந்தப் படியப் பார்த்துதான் அன்னிக்கு நைனாவுக்கு மூஞ்சி மாறிடுச்சு. "நா கட்டாத படிய, அவன் வூட்டுக்கு, நீ கட்றியா?"ன்னு கத்துனாரு. ஏற வழியே கிடையாதுடா அங்க. அவர் எங்கயும் போயிருக்க முடியாது.

— மாமு, ஒரு நிமிசம் பேசாத.

— தண்ணி இழுத்துகினு போயிடுச்சுடா. செருப்ப வுட்டுட்டு...

— மாமு! அப்ப நா இப்போ எதுமேல நின்னுகினு கீறேன்?

— வெளையாடாதடா. சத்தியமா தாங்க மாட்டேன்.

— அல்லா மேல ஆணையா படி கீது மாமு. செங்கல்லு, மேல சிமிட்டிப் பூச்சு, கைப்புடிக்கு பைப்புகூட போட்டு கீது. எல்லாம் புதுசு. ஏறிகினு கீறேன். அஞ்சு, ஆறு, ஏழு... இன்னும் போவுதே? பத்து... பதினாலு. மேல கதவு கீது. பாய்! யாராச்சும் தொறங்க! பாய்!

— மொஹ்சின், தொறந்தாங்களா? பேட்டரி எவ்ளோ இருக்கு உனக்கு? டேய், வெச்சிடாத!

— அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நா ஃப்ரெடியோட தோஸ்து... ஆமா, இன்னாசி நைனாவத் தேடிதான்... ஆங்?... ஆங்... மாமு, லைன்லயே இரு. போனை உள்ள குடுக்குறேன்.

— யாருகிட்ட? ஹலோ? பாய், நீங்களா? நைனாவப் பார்த்தீங்களா பாய்?

— நாந்தான்டா.

— நைனா!

— கத்தாத, காது ரொய்ங்குது. டீ குடிச்சிகினு கீறேன். பக்ருதீன் வூட்டு டீயில சக்கர ஜாஸ்தி.

— நைனா... போன் ஏன் ஆஃப்ல...

— தண்ணிக்குள்ள வுழுந்து பூட்ச்சு. உன் நம்பரு அதுலதான கீது? எனக்கு இன்னா மனப்பாடமா? காலைலேர்ந்து பக்ருதீனும் நானும் ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாத்தோம். எவன் எவனோ எடுத்துத் திட்றான்.

— அந்தப் படி எப்ப நைனா கட்ன?

— நீ போனதுக்கு அப்பால. வூட்ல உன் கம்ப்யூட்டர் பொட்டி கீதுல்ல, அத்த சாயங்காலம் நாலு மணிக்கு வேல வுட்டு வந்து தட்டுவேன். தட்டுனா உன் வூடுதான் வரும், நீ அன்னிக்கு நின்ன அதே மாடி, அதே செவுரு. நவுத்தத் தெரியாது எனக்கு. சொம்மா பாத்துகினு இருப்பேன். அப்டியே பாத்துகினு இருக்கச் சொல்லோ, ஒரு நாளு டேப்ப எடுத்தாந்து நெஜ செவுத்த அளந்தேன். மேலேர்ந்து பக்ருதீன் எட்டிப் பாத்தான். "இன்னா இன்னாசி, இன்னா அளவு?"ன்னான். ஒம்போது வருஷம் கழிச்சி அதான் மொதப் பேச்சு. கதவு அவன் போட்டான்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நைனா.

— நீயா வந்து பாப்பன்னு இருந்தேன்.

— வர்றேன் நைனா. ரோடு தொறந்ததும் வர்றேன்.

— வா. வர்றதுக்கு முன்னால உன்னாண்ட கீற பொட்டியில ஒரு வேல பண்ணு. உன் படி ஒண்ணொண்ணும் முட்டி ஒசரம். முட்டி போனவன் எப்டிடா ஏறுவான்? அதான் ஒண்ண ரெண்டாக்குனேன். நீயும் அங்க மாத்திடு.