நடையில் விருப்பமுள்ளவர்கள்

உங்கள் அலுவலகக் காப்பி நன்றாகவே இருக்கிறது. போலீஸ் காப்பி என்றால் பாத்திரம் கழுவிய நீர் மாதிரி இருக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. பால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறேன். எதுவும் கடுமையாக இருந்தால் எனக்கு ஆகாது. கடுகானாலும் சரி, காப்பியானாலும் சரி, வாக்கியமானாலும் சரி. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தொழில்முறையில் சுற்றிவளைக்கிறவன் அல்ல.

பெயர் எக்கார்ட் ப்ரூம். ஊர் இதே காஸல்தான். மருத்துவ ஆவணங்களை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது தொழில். எங்கள் தொழிலில் ஒருவனுடைய பெயர் வெளியே தெரிந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். இத்தனை வருடம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். போன வாரம் பத்திரிகையில் வந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

செவிலியர் குறிப்புகள்தான் என் தனித்துறை. நோயாளி என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், யாரைத் திட்டினார் என்று அன்றாடம் எழுதிவைப்பார்களே, அவை. நம் செவிலியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மனிதன் படுகிற பாட்டையெல்லாம் சரக்கு ரயில் மாதிரி பெட்டி பெட்டியாகக் கோத்து ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். உட்கார முடியாத தவிப்பு, அது ஒரு சொல். கண் அசந்தால் ஓடிப்போகப் பார்க்கும் நாட்டம், அது ஒரு சொல். எதைச் செய்தாலும் குறை சொல்கிற குணத்துக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக இறக்கிவைக்க வேண்டும். இறக்கும்போது ஒன்றிரண்டு தண்டவாளத்திலேயே நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் அக்கா ரோஸ்விதா. நகராட்சி நீச்சல் குளத்தில் காவலாளியாக இருந்தவள். அவள் விசிலை வாயில் வைத்தால் குளத்தில் இருக்கிற நகரசபை உறுப்பினர்கூடக் கரையேறிவிடுவார். அப்படிப்பட்டவள் ஒரு மார்ச் மாதம் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பிறகு வருடக்கணக்கில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் அவளை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். சூப்பைக் கரண்டியால் ஊட்டினேன், தலையைக் கழுவிவிட்டேன், என் நகைச்சுவைகளைச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு அதிகத் துன்பமாக இருந்திருக்கும். டாக்டர்கள் இருந்த மாத்திரைகளையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு அமெரிக்கக் கம்பெனி, மனச்சோர்வுக்குப் புது மருந்து ஒன்றை நம் நாட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்க வந்தது. ரோஸ்விதாவைச் சேர்த்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"டேய் எக்கார்ட், இந்தக் கிழங்கை யாருடா தோல் சீவினது? பாதிக் கிழங்கு தோலோட போயிருக்கு."

"நான்தான்."

"மொழிபெயர்ப்பையும் இப்படித்தான் பண்ணுவியா? எப்படிடா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்காமல் இருக்கத்தான் குழாய். "தண்ணிக் கட்டணம் யாரு கட்டுறது?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். என் அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சோதனையின் செவிலியர் குறிப்புகள் மொழிபெயர்ப்புக்கு என்னிடமே வந்தன. பிராங்பர்ட்டில் யூட்டா என்ற பெண்மணி நடத்தும் நிறுவனம் வழியாக வந்தது. என் அக்கா அந்த மருந்து சாப்பிடுகிறாள் என்பதை நான் யூட்டாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குறிப்புகளில் பெயர்கள் கறுப்படிக்கப்பட்டிருந்தன. நோயாளிகளுக்கு வெறும் எண். எண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் தொகுப்பிலேயே ஒரு ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் இருந்தார். செவிலி எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொல்வேன். சாப்பாட்டு மேசையில் உட்கார முடியவில்லை. விடிந்ததிலிருந்து தாழ்வாரத்தில் நடக்கிறார். குதிகால் புண்ணாகியும் நிற்கவில்லை. ஓட்டுநர் சொன்னதையும் அப்படியே நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தார்: "இந்தத் தோலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு ஓடிரலாம்போல இருக்கு, சிஸ்டர்."

இது மருந்தின் வேலை என்று எனக்குப் படித்தவுடனே தெரிந்தது. இந்தக் குறிப்புகளைப் படித்தே வயதானவன் நான். அமெரிக்காவில் ஒரு குழு அவ்வப்போது கூடி, எல்லா ஊர்க் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் படித்து, சோதனை தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்யும். இங்கே ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் உள்ள ஒன்றிரண்டு பேரைத்தான் பார்க்கிறது. மொத்தமும் தெரிவது அந்தக் குழுவின் மேசையில்தான். அந்த மேசைக்கு இந்தத் தோலும் ஆணியும் போனால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் ரோஸ்விதா மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அடுத்த அறையில் அவள் சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன்: "நடையில் விருப்பமுள்ளவர். நாள் முழுதும் சுறுசுறுப்பாக இருக்கிறார்."

மோசமான வாக்கியம் அல்ல. எவரைப் பற்றியும் இப்படி எழுதலாம்.

எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஒரு தொடரை ஒருமுறை எப்படி மொழிபெயர்த்தோம் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே தொடர் வந்தால் பழைய மொழிபெயர்ப்பைத் தானே எடுத்து நீட்டும். அதை மாற்றினால்தான் விளக்கம் எழுத வேண்டும். மாற்றாவிட்டால் ஒழுங்கானவன் என்று பெயர். ட்ரெஸ்டனில் ஒரு தையல்காரி உட்கார முடியாமல் தவித்தார், நடையில் விருப்பமுள்ளவரானார். உல்மில் ஒரு பாதிரியார் இரவெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார், அவரும் அப்படியே. நான் ஒருமுறைதான் பொய் சொன்னேன். மற்றதையெல்லாம் அது சொன்னது. நான் சரி என்று விசையைத் தட்டினேன்.

யூட்டா ஒருநாள் தொலைபேசியில் சிரித்தார். "என்னங்க எக்கார்ட், உங்க நோயாளிங்க எல்லாரும் மலையேற வந்தவங்க மாதிரி இருக்காங்க. நமக்கும் ரெண்டு மாத்திரை கிடைக்குமா? எனக்கு மூணாவது மாடி ஏறவே மூச்சு வாங்குது."

"உங்களுக்கு வேணாம் யூட்டா. நீங்க நடக்க ஆரம்பிச்சா அலுவலகம் நின்னுபோயிடும்."

"பேச்சுல குறைச்சல் இல்ல. சரி, கம்பெனிக்காரங்க இந்தக் குறிப்புகளைத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்கப்போறாங்களாம். வேற நிறுவனத்துகிட்ட குடுத்திருக்காங்க. உங்களுக்கு ஒண்ணும் கவலை இல்லையே?"

"எனக்கென்ன கவலை" என்றேன்.

அந்த முறை இதுதான். ஒருவர் ஜெர்மனை ஆங்கிலமாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்த ஆங்கிலத்தை மறுபடியும் ஜெர்மனாக்குவார். பிறகு முதல் ஜெர்மனையும் திரும்பி வந்த ஜெர்மனையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் நடுவில் உள்ள ஆங்கிலம் சரி. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

அந்த வாரமே ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து நிறுவனம் ஒன்று எனக்கு வேலை அனுப்பியது. அவர்களுக்கும் நான் பல வருடமாக வேலை செய்கிறேன். திறந்து பார்த்தால் என்னுடைய ஆங்கிலம். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நாங்கள் இருப்பதே கொஞ்சம் பேர். ஒரே ஆள் இரண்டு முனையிலும் வந்து நிற்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் உடனே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் விதி சொல்வது ஒருவரையொருவர் அறியக் கூடாது என்பதைத்தானே. நான் என்னை அவ்வளவாக அறிந்தவன் என்று அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

மூலக் குறிப்புகள் எனக்கு நினைவில் இருந்தன. ஆகவே "நடையில் விருப்பமுள்ளவர்" என்ற இடத்திலெல்லாம் உட்கார முடியாத தவிப்பைத் திரும்ப எழுதினேன். புண்ணான குதிகாலைத் திரும்பக் கொடுத்தேன். மாடிப்படியைத் திரும்பக் கொடுத்தேன். எல்லாம் அச்சாக ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஒரு சொல்லை இடம் மாற்றினேன். ஒப்பிட்டவர்கள் பாராட்டி எழுதினார்கள். ஜெர்மன் தெரிந்தவர் ஜெர்மனை ஜெர்மனோடு வைத்துப் பார்த்தார். ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலத்தைப் படித்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வேலை ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது.

டிராம் ஓட்டுநர் நவம்பரில் ஃபுல்டா ஆற்றில் இறங்கினார். வீட்டுச் செருப்புகூடக் கழற்றவில்லை என்று செவிலி எழுதியிருந்தார். நான் இப்படி எழுதினேன்: "ஆற்றங்கரையில் நடந்தபோது விபத்து." நடையில் விருப்பமுள்ளவருக்கு ஆற்றங்கரையில் விபத்து நேர்ந்தது என்றால் அமெரிக்காவில் யார் வியப்படைவார்கள்? அவர்கள் அனுதாபம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், நல்ல மொழிபெயர்ப்பு. தையல்காரிக்கு ரயில் பாதையில் விபத்து. பாதிரியாருக்கு மாடியில். மொத்த எண்ணிக்கையை நீங்கள் சற்று முன்பு சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. ஒவ்வொருவருக்காகவும் ஒரு நாள் வேலை செய்யாமல் இருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

வசந்தம் வந்தபோது கீழ்வீட்டுத் திருமதி பிரிங்க்மான் மணியடித்தார்.

"ஏங்க ப்ரூம், உங்க அக்கா மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறாங்களா? மத்தியானம் சத்தம் போடக் கூடாதுன்னு நம்ம கட்டட விதியில இருக்கா இல்லையா? தலைக்கு மேல டக்கு டக்குன்னு ஒரே நடை."

"மன்னிச்சுக்குங்க. அவங்க குணமாயிட்டு வர்றாங்க."

"அப்போ குணமாகாம இருந்தப்பவே தேவலாம். பாவம், படியில பார்த்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்களேன்."

மறுநாளே ரோஸ்விதாவுக்குக் கம்பளிக் காலணி வாங்கிவந்தேன். கூடத்தில் கனமான விரிப்பும் போட்டேன். அதன் பிறகு திருமதி பிரிங்க்மான் வரவில்லை.

நான் பிடிபட்டது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கிராட்ஸுக்குச் செய்த வேலையில், ஆணியில் மாட்டிய தோலை எப்படித் திரும்ப எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் மழுங்கடித்திருந்தால் போதும். அவ்வளவு நல்ல வாக்கியத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டேன். மாதங்கள் கழித்து யூட்டா வேறு ஏதோ தேடும்போது அது கண்ணில் பட்டிருக்கிறது.

"எக்கார்ட், ஒரு சந்தேகம்" என்றார். அந்த முறை சிரிக்கவில்லை. "'நடையில் விருப்பம்'னு ஆங்கிலத்துல இருக்கு. அதைப் படிச்ச ஆஸ்திரியாக்காரருக்கு இந்தத் தோல் எங்கேருந்து கிடைச்சுது? ஆணி எங்கேருந்து கிடைச்சுது? அதுவும் காஸல் பேச்சுல?"

"நல்ல மொழிபெயர்ப்பாளரா இருப்பார்" என்றேன்.

"நீங்கதானே அது?"

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் யூட்டா."

அவர் காத்திருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் உங்களைத்தான் அழைத்திருப்பேன்.

இப்போது சோதனை நின்றுவிட்டது. மருந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ரோஸ்விதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. கடைசித் தொகுப்பில் அவளைப் பற்றியும் ஒரு குறிப்பு வந்தது. எண்தான் இருந்தது, ஆனால் கிழங்குத் தோல் சீவுவதைப் பற்றித் தம்பியைக் கேலி செய்கிறவர் வேறு யார்? மருந்தை நிறுத்திவிடும்படி கேட்கிறார், தம்பி சம்மதிப்பதில்லை என்று செவிலி எழுதியிருந்தார். "சிகிச்சையில் திருப்தி, குடும்பத்தின் ஆதரவு உண்டு" என்று மொழிபெயர்த்தேன். அதில் இரண்டாம் பாதி முழு உண்மை.

மாத்திரைகளை முன்யோசனையாகக் கொஞ்சம் எடுத்துவைத்திருந்தேன். வாயில் போட்டால் துப்பிவிடுகிறாள் என்பதால் பொடித்து, நம் பச்சை மூலிகைக் குழம்பில் கலந்து, அவித்த முட்டையோடு கொடுக்கிறேன். மேசையில் உட்கார்வதில்லை, நடந்துகொண்டே ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொள்வாள். கதவை மட்டும் நான் வெளியே வரும்போது பூட்டிவிடுகிறேன். சுவரைப் பார்த்து அவள் படுத்து வெகுகாலம் ஆயிற்று. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆகவே இங்கே அதிக நேரம் ஆகாது என்றால் நல்லது. மாலைச் சாப்பாட்டுக்கு நான் இருக்க வேண்டும். தினமும் கரண்டியை நீட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும் எக்கார்ட், உனக்குப் புண்ணியமாப் போகும், இதை நிறுத்துடா" என்கிறாள். அவளுக்குச் சொற்கள் எப்போதுமே கொஞ்சம் கடுமையாகத்தான் வரும். நன்றி சொல்ல வருகிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.