மேக்னெட்டோ கம்பி

முழங்கால் மக்கர் பண்ணுகிறது, உட்கார்ந்தே சொல்கிறேன் ஐயா.

விமானப் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். என் தங்கை கணவர் அங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தங்கமான மனுஷன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சுவிட்சை அணைத்தால் கரண்ட் துண்டாகும். சின்ன விமானத்தில் கதை தலைகீழ். எஞ்சினில் இருக்கும் மேக்னெட்டோ தானே தீப்பொறியை உண்டாக்கும், பாட்டரி வேண்டாம். சாவியை ஆஃபில் வைத்தால், ஒரு கம்பி வழியாக அந்தக் கரண்ட் எஞ்சின் உடம்பில் இறங்கி அடங்கிவிடும். கம்பி விட்டுப்போனால் சாவி ஆஃபில் இருந்தும் பிரயோஜனமில்லை. புரொப்பல்லரைக் கையால் சுற்றினாலே எஞ்சின் விழித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரே சோதனைதான். எஞ்சினை நிறுத்துவது சாவியால் இல்லை, பெட்ரோலை அடைத்துத்தான். அதற்கு முன்னால் சாவியை ஒரு நொடி ஆஃபுக்குத் திருப்ப வேண்டும். எஞ்சின் திணறினால் கம்பி சரி. மாப்பிள்ளை செய்யவே மாட்டார். கேட்டால் சிரிப்பார்.

"நீங்க பாத்திருப்பீங்கல்ல மச்சான், அப்புறம் நான் எதுக்கு?"

பதினாலு வருடம் இதே பதில். அவருக்கும் சேர்த்து நானே பயந்தேன். சாப்பிட உட்கார்ந்தால்கூட, எந்த மரையை முடுக்காமல் விட்டேனோ என்று கை அப்படியே நின்றுவிடும். கோபமெல்லாம் இல்லை. அலுத்துவிட்டது.

திங்கட்கிழமை கம்பியைக் கழற்றிவிட்டேன். மூன்று நாள் ஓட்டினார். ஒரு தடவை சோதித்திருந்தாலும் தெரிந்திருக்கும். வியாழன் காலை நல்ல குளிர். எண்ணெய் இளகட்டும் என்று புரொப்பல்லரைக் கையால் சுற்றப் போனார். நான் கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"வர்றீங்களா மச்சான், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்?"

"டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் அதையும் நானே பார்த்துக்கொண்டதாக ஆகியிருக்கும். ஒரே அடி. வலி தெரிந்திருக்காது. ஆம்புலன்ஸ் போனதும் கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அதனால்தான் உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தங்கை பாவம். இப்போது அவள் வீட்டையும் நான்தான் கவனிக்கிறேன். அடுப்பை அணைப்பாள், சிலிண்டரை மூட மாட்டாள்.

"நீதான் டியூப மாத்திக் குடுத்திருக்கியே அண்ணே" என்கிறாள்.

இரண்டு தடவை பொறுமையாகச் சொல்லிவிட்டேன்.