பந்தியில் ஒரு இடம்

– ஞாயித்துக்கெழமை படம் முடியறதுக்குள்ள ஏன் புள்ள எந்திரிச்சு ஓடுன? எங்க வீட்டு டிவி உன்னையக் கடிச்சிருச்சா?

– படம் தேறாதுக்கா. அந்த அம்மாக்காரி மூக்கைச் சிந்துறதுலயே பாதிப் படம் போயிருச்சு.

– பொய் சொல்லாத, சின்னத்தாயி. திருப்பரங்குன்றம் கொட்டகையில ஓடுற குப்பையக்கூட வணக்கம் போடுற வரைக்கும் பாக்குறவ நீ.

– நான் படமா பாக்குறேன்? கூட்டத்துல எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரான்னுல்ல பாக்குறேன். உங்க டிவி நாடகம் அதனாலதான் எனக்கு ஆகாது. நாலு பேரு, ஒரு சோபா. கூட்டமே இல்ல.

– உன் புருசன் நல்லகாமன் சினிமாவுல சேரப்போறேன்னு மெட்ராசுக்குப் போயி எம்புட்டு வருசமாச்சு! ஒரு கடுதாசி உண்டா?

– கடுதாசி எதுக்கு? சித்திரையில ஒரு சண்டைப் படம். சண்டை பரவாயில்ல, பாட்டு வெறும் இரைச்சல். அதுல சந்தைக் கூட்டத்துல கடைசி ஆளா நின்னாரு. ஆடியில ஒரு சாமி படம். பாம்பு மட்டும்தான் ஒழுங்கா நடிச்சுச்சு. அதுல கல்யாணப் பந்தியில உக்காந்திருந்தாரு. பக்கத்து எலையில யாரையும் உக்கார விடாம, கைய ஊனி இடம் பிடிச்சு வச்சிருந்தாரு. எலை போட்டது நம்ம பால்பாண்டி பொண்டாட்டி பேச்சியம்மா.

– அல்லாவே! அவதான் மவுத்தாயிட்டாளே!

– அன்னிக்கு உசுரோடதானக்கா இருந்தா. கொட்டகையில என் பக்கத்துல உக்காந்து கடலை தின்னா. மறு வாரம்தான் செத்தா.

– என்ன பேச்சு இது, எனக்கு மேலு சிலுக்குது. சரி, ஞாயித்துக்கெழமை என்னத்தப் பாத்த?

– அதே பந்திக்கா. வேற படம், அதே பந்தி. அவரு புடிச்சு வச்ச இடத்துல ஒருத்தி உக்காந்திருக்கா. முதுகுதான் தெரிஞ்சுச்சு. முந்தியில ஒத்த மயிலு, கழுத்தத் திருப்பிப் பின்னால பாக்குது. அவளுக்குத் தன் எலையிலருந்து அப்பளத்த எடுத்து வைக்கிறாரு! எனக்கு ஒருநா வச்சிருப்பாரா? வயிறு எரிஞ்சு போயி எந்திரிச்சு வந்துட்டேன்.

– அடி கூறுகெட்டவளே, அது இருவது வருசத்துக்கு முந்தின படம். அப்ப உன் புருசன் டவுசர் மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய.

– அந்த மூக்குத் தழும்பு எனக்குத் தெரியாதா? எவளோடயோ நல்லாத்தான் இருக்காரு. அண்ணன் செத்துட்டான்னு நாளைக்கு எங்க கொழுந்தன் விருமாண்டி ஊரக் கூட்டிக்கிட்டு வரட்டும். உசுரோட இருக்குற மனுசனுக்கு எவன் தாலியறுக்குறான்னு பாக்குறேன்.

– அதுக்குத்தான் வந்தேன். வெள்ளைச் சீலைய நீட்டுனாங்கன்னா வாங்காத. உங்க மொறையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வாங்கியாந்தத நீ கட்டிக்க.

– புதுச் சீலையா? எதுக்குக்கா?

– எனக்காகக் கட்டிக்க. செல்லூர்ல நேத்துத்தான் தறிய விட்டு எறக்குனது. நெய்யுறப்ப ஒரு தப்பு விழுந்துருச்சாம். இது மாதிரி வேற கெடையாது, இது ஒண்ணுதான்.

– என்ன தப்பு? முந்திய விரிங்க.

– முன்னால பாக்க வேண்டிய மயிலு, கழுத்தத் திருப்பிக்கிச்சு. அம்புட்டுத்தான்... ஏ புள்ள, ஏன் இப்படி வெறிச்சுப் பாக்குற? புடிக்கலையின்னா குடு, மாத்திட்டு வாரேன்.

– வேணாம்க்கா, கட்டிக்கிறேன். பாவம், இடத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு எம்புட்டு நாளாக் காத்திருக்காரு.