சின்ன டப்பா எதுக்கு?

…கடைக்காரனா அவன்? வாயத் தொறந்தா கேள்வி! வாங்க சார், உள்ள வாங்க. தைக்கக் குடுத்த துணிதானே? இருக்கு, இருக்கு. நான் இந்த உள்வாசப்படியிலேருந்தே பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல இந்தக் கொடுமையக் கேளுங்க.

பெயிண்டுக் கடையில போயி, தரையில பூச எபாக்ஸிப் பசை குடுய்யான்னேன். அவ்வளவுதான்! தரைக்கா, மரத்துக்கா? கீழேருந்து ஈரம் ஏறுமா? வெயில் படுமா? மேல பாரம் நிக்குமா? போலீஸ்காரன் தோத்தான் போங்க! ஆமாய்யா, என் பொண்டாட்டியோட தையல் மெஷின் நிக்கும்னேன். பாவம் சார் அவ. தரை பேந்து ரூம் பூரா சிமெண்டுத் தூசி. வெள்ளைத் துணி வந்தா கீழ வைக்காம மடியிலயே வச்சுக்குவா.

அவ தம்பி ஒருத்தன் இருக்கான், பெரிய மேதாவி! "மாமா, தரைக்குப் போடுறது வேற, மரத்துல பொந்து அடைக்கிறது வேற, கேட்டு வாங்குங்க"ங்கிறான். எனக்கே பாடம்! அதோ அந்த மேசைக் கால் உளுத்துப் போச்சுன்னு, பொந்தடைக்க எபாக்ஸிக் கட்டி ரெண்டு வாங்கிட்டு வந்தான். ரெண்டுலயும் சரிபாதி கிள்ளி, பிசஞ்சான், பிசஞ்சான்… பிசஞ்சுக்கிட்டே இருந்தான். வேலையத்தவன்! இப்ப கல்லு மாதிரி நிக்குதாம். "என் தம்பி கை வச்சா வச்சதுதான்"னு சொல்லிட்டு அவ என்னைப் பாக்குறா சார். ரோஷம் வருமா வராதா? அதான் தரைய நானே போடுறேன்னு எறங்குனேன்.

எங்க விட்டேன்? ஆங், கடை. பெரிய டப்பா எடுத்து வச்சான். உள்ள தேன் மாதிரி, பேஷா இருந்துது. தூக்கப் போறேன், கூடவே சின்ன டப்பா ஒண்ணத் தள்ளுறான். ஹார்டனராம், இறுக வைக்குமாம்! சோப்பு வாங்கப் போனா சோப்புப் பெட்டியத் தலையில கட்டுவானுங்களே, அதே கதை. மோந்து பாத்தேன், மீன் நாத்தம். "இத உன் வீட்டுத் தரையில ஊத்திக்கய்யா"ன்னுட்டு வந்துட்டேன். என்கிட்டயா!

பூசினேன் சார். பளபளன்னு கண்ணாடி! அவ வாசல்ல நின்னு பாத்து, "நல்லாத்தாங்க இருக்கு"ன்னு சிரிச்சா. என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா…

காயணும்ல? காயல! ஃபேன் போட்டேன், ஜன்னலத் தொறந்து வச்சேன், விசிறி எடுத்து வீசக்கூட வீசினேன். ம்ஹூம். கடைக்காரனக் கூட்டிட்டு வந்து காட்டினா, "ரெண்டையும் கலந்தீங்களா"ங்கிறான். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்! சரக்கு மட்டம்னு ஒத்துக்கவேண்டியதுதானே?

என்ன சார் நெளியிறீங்க? கால் வரலையா? ஐயையோ, இழுக்காதீங்க, வார் அறுந்துடும். கால மட்டும் உருவிக்கிட்டு, ஒரே எட்டுல வெளிய தாவுங்க. செருப்பு கெடக்கட்டும், தொணைக்கு ஆள் இருக்கு. கதவோரம் இருக்குறது மச்சினனோடது. ஜன்னல்கிட்ட கடைக்காரனோடது. மெஷினுக்குக் கீழ, அந்தப் பச்சை வார் போட்ட ஜோடி… அது அவளுது. மறுநாள் காஞ்சிருக்கும்னு நம்பி, தைக்கலாம்னு வந்தா. அப்படியே வெறுங்காலோட தம்பி வீட்டுக்குப் போயிட்டா. காஞ்சதும் சொல்லி அனுப்புங்கன்னா.

உங்க துணியா? அதையும்தான் எடுத்துட்டுப் போயிட்டா. அடுத்த தெரு, கடைசி வீடு… சார், சார்! போறதுதான் போறீங்க, தரை நல்லாக் காஞ்சிடுச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க.

கொழாய் அந்தப் பக்கம் இருக்கு. கால நல்லாத் தேச்சுக் கழுவிட்டுப் போங்க சார், பாத்தாக் கண்டுபிடிச்சுடுவா.