கணு இல்லாத ஒரு மீட்டர்

மரத்தில் ராக்கெட் செய்வது பெரிய வித்தை இல்லை. பொறுமை இருந்தால் போதும். மரமும் நல்லதாக அமைய வேண்டும்.

உங்கள் மேசை மேல் இருப்பதுதான் அது. தொட்டுப் பார்க்கலாம், ஐயா. வெயில் படும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

தச்சரை நாற்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் சகலை சாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலிலிருந்து சொன்னால் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். இருபத்திரண்டு வருடமாக அதே இயந்திரம், அதே நாற்காலி. அரை மில்லிமீட்டர் என்பது மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என் வேலையில் அது யாரோ ஒருவருடைய தலைவலி.

வீடு மாமனாருடையது. கீழே அவரும் நானும் மனைவியும். மாடியில் மனைவியின் அக்காவும் அவர் கணவரும். அந்தக் கணவர்தான் என் சகலை. மாடி வராந்தாவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் சுவர் உண்டு. அதற்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரே கைப்பிடிக் கட்டை. நேர் கீழே தெருவைப் பார்த்த முற்றம். முற்றத்து ஓரத்தில் என் வேலை மேசை.

சகலை காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அந்தக் கட்டையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் கீழே பார்ப்பார்.

"என்ன விஞ்ஞானி, நிலாவுக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

பெயர் நிலைத்துவிட்டது. ரொட்டி கொண்டுவருபவர் அப்படிக் கூப்பிட்டார். பிறகு மாமனார். பிறகு, ஒருநாள் மறதியாக, என் மனைவி. சகலைக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை மறுக்கமாட்டேன். வால் இறக்கைகளை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்த அன்று, "விறகுக்கு மீசை வெச்ச மாதிரி இருக்குடா" என்றார். தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினோரு மாதத்தில் இருநூற்றுப் பதினேழு முறை பேசியிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை இப்படி. நடுவில் ஓர் அட்டைக் குழாய். அதில் ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏழு வளையங்கள். வளையங்களின் மேல் நீளவாக்கில் மெல்லிய மரப்பட்டைகள், மொத்தம் நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றின் விளிம்பையும் லேசாகச் சாய்த்துத் தேய்த்தால்தான் பக்கத்துப் பட்டையோடு சேரும். இந்தப் பக்கம் ஒன்று ஒட்டினால் எதிர்ப்பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போட்டு இறுக்கிவிட்டுப் பசை காயக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு நான்கு பட்டைகள்.

"அட்டையிலயே பண்ணித் தொலைச்சா என்ன? அதுவும் மேலதானே போகும்?" என்று மனைவி கேட்டாள்.

போகும். ஆனால் அட்டைக்கு மரம்போல ரேகை கிடையாது.

முப்பத்தாறு பட்டைகள் முடிந்திருந்தன. அன்று காலை சகலை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாளி முழுவதும் கீழே வந்தது.

"அடடா, பாக்கலையே. மரம்தானே சகலை? காய வெச்சா சரியாயிடும்."

காய வைத்தேன். பட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. வாளியை எப்போதும் இரண்டு கையால் பிடிப்பவர், அன்று ஒரு கையால் பிடித்திருந்தார். அவ்வளவுதான்.

மரக்கடையில் அந்த மரம் தீர்ந்துவிட்டது. "வேற ஏதாவது போட்டுக்கோங்க சார், பெயிண்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். அவரோடு என்ன பேசுவது. வீட்டுக்கு வந்து முற்றத்து நாற்காலியில் சாய்ந்தேன். தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது என்பார்கள். எனக்குத் தலைக்கு மேலே இருந்தது. அதே மரம். அறுபது வருடம் காய்ந்தது.

அந்த மாதம் எல்லோரும் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். நான்கு நாள். எனக்குக் கடையில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். சகலை மாடிச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"செடிக்குத் தண்ணி ஊத்திடு விஞ்ஞானி. வாளிய மட்டும் ரெண்டு கையாலயும் பிடி, என்ன?"

சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

கைப்பிடிக் கட்டையை நான்கு போல்ட்டுகள்தான் பிடித்திருந்தன. போன மழைக்கு முன்பு தச்சர் அதைக் கழற்றி, மெருகு பூசி மாட்டியிருந்ததால் சுலபமாக வந்தது. இடது முனையில் வெயில் பட்டு வெடிப்பு. வலது முனையில் கணுக்கள். நடுவில் ஒரு மீட்டர் கணுவே இல்லாமல் இருந்தது. சகலை முழங்கை ஊன்றும் இடம் என்பதற்காக நான் அதை எடுக்கவில்லை. ரேகை அங்கேதான் நேராக ஓடியது.

அடிப்பக்கத்தைத் திறந்து உள்மரத்தை எடுத்தேன். மேலே ஒரு விரல் பருமன் விட்டுவைத்தேன். பக்கங்களில் அதைவிடக் குறைவு. தேவைக்கு மேல் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. பள்ளத்தில் தெர்மாகோலும் மரத்தூளும் கலந்து அடைத்தேன், தட்டினால் சத்தம் மாறக் கூடாது. எடுத்த அடிப்பலகையையே திரும்ப ஒட்டினேன். இணைப்பில் அதே மரத்தூளைப் பசையோடு குழைத்துப் பூசி, தேய்த்து, மெருகின் நிறத்தை மூன்று தரம் கலந்து பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. நான்காவது நாள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

தாங்குமா என்று சோதிக்காமல் இல்லை. என் முழு எடையையும் கொடுத்துச் சாய்ந்து பார்த்தேன். தாங்கியது. நான் ஐம்பத்து நான்கு கிலோ.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் காலை சகலை வழக்கம்போல ஊன்றி நின்றார். நான் கீழிருந்து பார்த்தேன். கட்டை லேசாக இறங்கியது. அவர் நிமிர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. நல்ல மரம். அப்படி இருபத்தாறு நாள் போயிற்று. நான் தினமும் பார்த்தேன். அதற்குள் நாற்பத்தெட்டுப் பட்டைகளும் முடிந்தன.

"எங்கேர்ந்துடா இந்த மரம்? பழசு கணக்கா இருக்கு" என்று சகலை மேலேயிருந்து கேட்டார்.

"வீட்லயே கிடைச்சுது அண்ணே."

நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஏவிய அன்று எல்லோருக்கும் ராக்கெட்டைப் பற்றித்தான் பயம். வீட்டுக்கு எதிரே இருக்கும் காலித் திடலில் ஏவுகுச்சியை நட்டேன். மாமனார் இரண்டு வாளி மணல் கொண்டுவந்து வைத்தார். "யார் கண்ணையாவது குருடாக்கிடாதீங்க" என்றாள் மனைவி. நான் முப்பது தப்படி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். அதைத் தாண்டி யாரையும் விடவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

சகலை திடலுக்கு வரவில்லை. மாடியிலிருந்து சத்தம் போட்டார்.

"உன் விறகு எங்க வந்து விழுமோ, யாருக்குத் தெரியும்? நான் இங்கேர்ந்தே பாக்கறேன்."

"அதுவும் சரிதான் அண்ணே. அங்கயே இருங்க, அதுதான் பத்திரம். ஓரத்துல நின்னா மரம் மறைக்கும். நடுவுல வந்து நல்லா எட்டிப் பாருங்க."

நடுவில் வந்தார். எப்போதுமே சொன்னதைக் கேட்காதவர், அன்று கேட்டார்.

பொத்தானை அழுத்தினேன். அழகாகப் போனது. ஆடவில்லை, சுழலவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமனார் கைதட்டினார். மேலே போய், ஒரு கணம் நின்று, பாராசூட் குடையை விரித்தது. காற்று அதை எங்கள் வீட்டுப் பக்கமாகக் கொண்டுவந்தது. கூரைக்கு மேலே போவதைப் பார்க்கச் சகலை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தார். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். நான் ஒருவன்தான் வானத்தைப் பார்க்கவில்லை.

ராக்கெட்டுக்கு முன்னால் அவர் கீழே வந்துவிட்டார்.

ராக்கெட் சற்றுப் பொறுத்து பக்கத்து வீட்டுப் புல்லில் இறங்கியது. ஒரு கீறல் இல்லை.

"உங்க ராக்கெட்டப் பாக்கப் போய்த்தானே இப்படி ஆச்சு" என்று மனைவியின் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ராக்கெட் மேல தப்பு இல்ல அண்ணி" என்றேன். அது உண்மை. அவரும் பிறகு அமைதியானார்.

மறுநாள் உங்கள் ஆட்கள் உடைந்த கட்டையில் தெர்மாகோலைப் பார்த்தார்கள். கடைசியாக அதைக் கழற்றியவர் யார் என்று கேட்டார்கள். மாமனார் தச்சர் பெயரைச் சொன்னார். நல்ல மரத்தைத் திருடி விற்றுவிட்டு அடைத்துவைத்தார் என்று நீங்கள் எழுதினீர்கள்.

தச்சரின் மனைவி ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "அவரு மெருகு மட்டும்தாங்க பூசினாரு. கட்டைய அறுக்கவே இல்லீங்க. என் பிள்ளைங்க மேல சத்தியம்." மாமனார் கதவைச் சாத்தச் சொன்னார். நான்தான் அந்த அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "உண்மை ஒருநாள் வெளிய வரும்மா, கவலைப்படாதீங்க" என்றேன். என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

விழுவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவர் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அவரே வாரம் ஒருமுறை மேலேயிருந்து அறிவிப்பார். எந்த நாள் என்பதுதான் தெரியாது. அன்று நடுவில் வரச் சொன்னபோது அதுவும் தெரிந்தது.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதுகிறீர்களா? எழுதுங்கள். ஒரு நிரபராதி உள்ளே இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. நாற்பது நாள் எப்படிப் பொறுத்தாய் என்று கேட்டால், நன்றாகத்தான் தூங்கினேன். நேற்றுத்தான் தூக்கம் வரவில்லை.

நேற்று நீங்கள் வந்து நிபுணர் அறிக்கையைப் படித்தீர்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தும் இணைப்பு தெரியவில்லை, ரேகையோடு ரேகை சேர்ந்திருக்கிறது, இது இருபது வருடமாவது பழகிய தச்சர் ஒருவரின் கை என்று அதில் இருந்தது. மாமனார் தலையை ஆட்டினார். "ஆள் அயோக்கியன்தான். ஆனா தொழில்காரன், ஒத்துக்கணும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் மனைவியும்.

தச்சரை விட்டுவிடுங்கள், ஐயா. சந்தேகம் இருந்தால் ஒரு கட்டையைக் கொடுத்து அதேபோல அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். இணைப்பில் கோடு தெரியும்.